யாருடைய இலக்கணம்? - கணனி நடைதிருத்தியின் கதை

கையெழுத்துப் பிரதியொன்று அச்சேறுவதற்கு முன்னர் இரண்டு பேரின் கண்கள் அதன்மீது படுவது பழைய வழக்கம். ஒருவர் ஒப்புநோக்குநர். அவர் எழுத்துப் பிழைகளைப் பார்ப்பார். மற்றவர் பத்திரிகை ஆசிரியர். வாக்கியம் நிற்கிறதா, சாய்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இவ்விரண்டு வேலைகளில் முதலாவதைக் கணனியிடம் ஒப்படைப்பது ஓரளவு எளிது. எழுதப்பட்ட சொல்லை ஒரு பட்டியலுடன் ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாததைச் சுட்டிக்காட்டினால் போதும். இரண்டாவது வேலை அப்படியானதன்று. ஒரு வாக்கியம் பிழை என்று இயந்திரம் சொல்ல வேண்டுமாயின், எது நல்ல வாக்கியம் என்பதை அதற்கு முன்னரே யாராவது தீர்மானித்திருக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தை எடுத்தவர் யார் என்ற கேள்வியுடன் இவ்வரலாற்றைப் பார்ப்பது எமக்குப் பயன்தரும். ஏனெனில், எமது நூல்களில் கணிசமானவை எழுத்தாளர்களே கைப்பணம் போட்டு வெளியிடுபவை. ஒப்புநோக்குநரும் இல்லை, செம்மை பார்ப்பவரும் இல்லை. அந்த வெற்றிடத்தில் வந்து அமரப்போவது எத்தகைய இயந்திரம் என்பதில் எமக்கு அக்கறை இருந்தே ஆகவேண்டும்.

பெல் ஆய்வுகூடத்தில் தொடங்கியது

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் அமைந்த பெல் ஆய்வுகூடம் தொலைபேசி ஆராய்ச்சிக்காக உருவானது. யுனிக்ஸ் என்னும் கணனி இயங்குதளம் பிறந்ததும் அங்கேதான். அங்கு பணிபுரிந்த லொரிண்டா செரி என்ற பெண்மணி 1970களில் சில சிறிய நிரல்களை எழுதினார். அவற்றுள் ஒன்று, ஆங்கில வாக்கியத்திலுள்ள ஒவ்வொரு சொல்லும் பெயரா, வினையா, அடையா என்று ஊகித்துச் சொல்வது. அந்த நிரலிடம் இருந்த அகராதி ஏறத்தாழ 350 சொற்களை மட்டுமே கொண்டது. மற்றச் சொற்களை அவற்றின் விகுதிகளைக் கொண்டும் வாக்கியத்தில் அவை நிற்கும் இடத்தைக் கொண்டும் அது இனங்கண்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவில் அது சரியாகச் சொன்னது என்று அதனை உருவாக்கியோர் எழுதினர்.

அதன்மீது எழுப்பப்பட்டவைதான் 'ஸ்டைல்', 'டிக்ஷன்' என்னும் இரண்டு நிரல்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத்துறையைச் சேர்ந்த வில்லியம் வெஸ்டர்மன் இதில் செரியுடன் இணைந்துகொண்டார். 'ஸ்டைல்' கணக்குப் பார்க்கும். வாக்கியங்களின் சராசரி நீளம் என்ன, மிக நீண்டது எது, எத்தனை வாக்கியங்கள் செயப்பாட்டு வினையில் முடிகின்றன என்றெல்லாம் எண்ணிச் சொல்லும். 'டிக்ஷன்' ஒரு பட்டியலை வைத்துக்கொண்டிருந்தது. ஆங்கில உரைநடைக் கைநூல்கள் நெடுங்காலமாகக் கண்டித்து வந்த தொடர்கள் ஏறத்தாழ 450 அதில் இருந்தன. 'பல' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'பெரும் எண்ணிக்கையிலான' என்று எழுதுவது போன்ற வீண் சுமைகள் அவை. அத்தகைய தொடரைக் கண்டால் நிரல் அதனை அடைப்புக்குறிக்குள் இட்டுக் காட்டும். மாற்றுச் சொல் வேண்டுமென்றால் எழுதியவர் இன்னொரு நிரலிடம் கேட்கவேண்டும். எதனையும் தானாக மாற்றாது.

பின்னர் நைனா மக்டொனால்ட் முதலானோர் இவற்றையும் வேறு சில நிரல்களையும் ஒன்றுசேர்த்து, 'எழுத்தாளரின் பட்டறை' என்ற பொருள்படும் பெயரில் ஒரு தொகுதியாக்கினர். 1980களின் தொடக்கத்தில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் கட்டுரை எழுதப் பயிலும் மாணவர்களுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தது. 'ஸ்டைல்', 'டிக்ஷன்' இரண்டும் புதிதாக எழுதப்பட்ட வடிவில் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதன் குறைபாட்டை அறிய ஆபிரகாம் லிங்கன் 1863 இல் கெட்டிஸ்பர்க்கில் ஆற்றிய உரையே போதும். பத்து வாக்கியங்கள், ஏறத்தாழ 270 சொற்கள். கடைசி வாக்கியம் மட்டும் எண்பது சொற்களைத் தாண்டுகிறது. வாக்கியத்தின் நீளத்தைக் குற்றமாகக் கருதும் எந்த இயந்திரமும் அந்தக் கடைசி வாக்கியத்தில் கைவைக்கவே செய்யும். அந்த உரையை உலகம் நினைவில் வைத்திருப்பதோ அந்த வாக்கியத்தால்தான். எண்ணிப் பார்க்கக்கூடியதை மட்டுமே இயந்திரம் எண்ணும். பெல் ஆய்வுகூடத்தினர் இதனை உணர்ந்திருந்தனர் போலும். தீர்ப்பை அவர்கள் எழுதியவரிடமே விட்டுவைத்தனர்.

மேசைக் கணனிக்கு வந்த கதை

பெல் ஆய்வுகூடத்தின் நிரல்கள் பெரிய கணனிகளில் இயங்கியவை. மேசைக் கணனி வைத்திருந்தோருக்கு 1981 இல் 'கிராமட்டிக்' என்ற மென்பொருள் வந்தது. நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அல்புகெர்க்கி நகரில் இயங்கிய அஸ்பென் சொப்ட்வெயார் என்ற சிறிய நிறுவனம் அதனை வெளியிட்டது. ஆரம்பத்தில் அதுவும் தொடர்களின் பட்டியலை வைத்தே இயங்கியது. கைமாறிக் கைமாறி, 1993 இல் வேர்ட்பேர்பெக்ட் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. சொற்செயலிக்கு வெளியே தனியாக விற்கப்பட்ட சரக்கு சொற்செயலிக்கு உள்ளேயே வந்து அமர்ந்த காலம் அது. மைக்ரோசொப்ட் நிறுவனமும் 1990களின் முற்பகுதியில் ஹௌட்டன் மிஃப்ளின் என்னும் பதிப்பகத்தின் திருத்தியை அனுமதி பெற்றுத் தனது வேர்ட் சொற்செயலியில் சேர்த்துக்கொண்டது.

இதே காலத்தில் ஐ.பி.எம் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் வேறொரு வழி தேடப்பட்டது. ஜோர்ஜ் ஹைடோர்ன், கரன் ஜென்சன் முதலானோர் 'எபிஸ்டில்' என்ற முறைமையை உருவாக்கினர். அலுவலகக் கடிதங்களைச் சீர்பார்ப்பதே அதன் நோக்கம். 1982 இல் அதுபற்றிய கட்டுரை வெளியாயிற்று. தொடர்ப் பட்டியலை நம்பாமல், வாக்கியத்தை முழுமையாகப் பகுத்து எழுவாய் எது, பயனிலை எது என்று கண்டறிய அவர்கள் முயன்றனர். அவர்கள் கையாண்ட உத்தி சுவையானது. முதலில் இலக்கண விதிகள் அனைத்தையும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தைப் பகுத்துப் பார்ப்பார்கள். பகுக்க முடியாவிட்டால், எழுவாயும் பயனிலையும் எண்ணில் ஒத்திருக்க வேண்டும் என்பது போன்ற சில விதிகளைத் தளர்த்திவிட்டு மீண்டும் பார்ப்பார்கள். இம்முறை வாக்கியம் விடுபட்டுக் கொடுத்தால், எந்த விதியைத் தளர்த்தியதால் கொடுத்ததோ அதுதான் பிழை. பிழையுடன் அதன் காரணமும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது.

1991 இல் மைக்ரோசொப்ட் தனது ஆய்வுப் பிரிவைத் தொடங்கியபோது ஹைடோர்னும் ஜென்சனும் அங்கே சென்றனர். அவர்களது உழைப்பு வேர்ட் 97 இல் வெளிப்பட்டது. எழுத்துப் பிழையின் கீழே சிவப்பு நெளிகோடு இடும் வழக்கம் வேர்ட் 95 இல் வந்துவிட்டது. இப்போது இலக்கணத்துக்கும் நடைக்குமாகப் பச்சை நெளிகோடு சேர்ந்தது. பெல் ஆய்வுகூடத்தின் நிரல், எழுதி முடித்த பின்னர் கேட்டால் சொன்னது. பச்சைக் கோடோ எழுதிக்கொண்டிருக்கும்போதே, கேளாமலே வந்து நின்றது. இது சிறிய மாற்றமன்று. வாக்கியம் முடிந்தவுடனேயே திருத்தம் தொடங்கிவிடுகிறது. செயப்பாட்டு வினை என்று அது கோடிட்டால், அந்த இடத்தில் செயப்பாட்டு வினை தேவைதானா என்று சிந்திப்பதை விட்டுவிட்டு, கோடு மறையும்வரை வாக்கியத்தைப் புரட்டுவோர் பலர்.

அதேவேளை, உண்மையான பிழைகள் பல அதன் கண்ணில் படாமலும் போயின. 2005 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், வேண்டுமென்றே படுமோசமாக எழுதிய பந்திகளை வேர்ட் எவ்விதக் கோடும் இடாமல் ஏற்றுக்கொள்வதை எடுத்துக்காட்டினார். பத்திரிகைகள் அதனை வெளியிட்டன. ஆயினும் வேர்ட் 97 இன் ஒரு நல்ல அம்சத்தையும் சொல்லவேண்டும். சாதாரணம், முறைசார்ந்தது, தொழில்நுட்பம் என்று நடையைத் தெரிவு செய்யவும், விதிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவைக்கவும் அது இடம்கொடுத்தது. ஓர் அளவுகோல் எல்லோருக்கும் பொருந்தாது என்பதை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்பது இதன் பொருள். தெரிவுகளைத் திறந்து பார்த்தோர் சிலரே.

விதியைத் திறந்து வைத்தவர்கள்

2003 இல் ஜேர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் டானியல் நாபர் என்ற மாணவர் தமது பட்ட ஆய்வாக ஒரு திருத்தியை எழுதினார். அதுவே இன்றைய 'லாங்குவேஜ்டூல்'. முதலில் பைதன் மொழியில் எழுதப்பட்டுப் பின்னர் ஜாவாவுக்கு மாறியது. வாக்கியம் முழுவதையும் பகுக்கும் ஆசையை நாபர் கைவிட்டார். இன்ன சொல்லை அடுத்து இன்ன வகைச் சொல் வந்தால் இன்ன பிழை, அதற்கான விளக்கம் இது, சரியான உதாரணம் இது, பிழையான உதாரணம் இது என்று ஒவ்வொரு விதியையும் தனித்தனியே எழுதிவைத்தார். இந்த விதிகள் நிரலுக்கு வெளியே, எவரும் வாசிக்கக்கூடிய கோப்பில் இருக்கின்றன. நிரல் எழுதத் தெரியாத ஒரு மொழி ஆசிரியரும் சிறிது பழகினால் ஒரு விதியைச் சேர்க்கலாம். ஒப்பின் ஒபிஸ் சொற்செயலி தனது மூன்றாம் பதிப்பில், அதாவது 2008 அளவில், வெளியார் உருவாக்கிய இலக்கணத் திருத்திகளை இணைத்துக்கொள்ள வாசல் திறந்தது. அவ்வழியாக லாங்குவேஜ்டூல் சொற்செயலிக்குள் நுழைந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு இன்று அதில் விதிகள் உள்ளன. தமிழும் அவற்றுள் ஒன்று.

ஐ.பி.எம் ஆய்வாளர்களின் முறை ஆழமானது. ஆனால் அதனை வளர்க்கப் பெரிய நிறுவனம் வேண்டும். நாபரின் முறை ஆழம் குறைந்தது. ஆனால் சிறிய சமூகமொன்று தன் கையாலேயே அதனை வளர்க்கலாம். எமக்கு இதில் பாடம் இருக்கிறது.

தமிழுக்கு வருவோம்

தமிழில் இவ்வேலை நெடுநாள் தொடங்கவே முடியாதிருந்தது. அதற்குக் காரணம் இலக்கணமன்று, எழுத்துரு. இலங்கையில் பெரும்பாலானோர் பாவித்த பாமினி எழுத்துருவில், 'அம்மா' என்று திரையில் தெரியும் சொல் கணனியின் நினைவில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிவாகியிருந்தது. தமிழ் என்ற ஒன்று அங்கே இருப்பதே சொற்செயலிக்குத் தெரியாது. ஆங்கிலமென்று எண்ணிக்கொண்டு ஒவ்வொரு சொல்லின் கீழும் சிவப்புக் கோடிட்டது. அதுமட்டுமன்று. வாக்கியத்தின் முதலெழுத்தை ஆங்கில மரபுப்படி பெரிய எழுத்தாக்கும் வழக்கம் அதற்கு உண்டு. பாமினியில் சிறிய எம் 'அ', பெரிய எம் 'ஆ'. ஆகவே வாக்கியத் தொடக்கத்தில் தட்டிய 'அம்மா', தட்டிமுடிப்பதற்குள் 'ஆம்மா' ஆகிவிடும். திருத்தியை முற்றாக நிறுத்திவைப்பதே தமிழில் தட்டச்சுச் செய்வோர் முதலில் கற்றுக்கொண்ட பாடமாயிற்று.

யுனிகோட் பரவலான பின்னரே தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகக் கணனி அறிந்தது. அதன்பின் நல்ல முயற்சிகள் வந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ந. தெய்வ சுந்தரத்தின் முயற்சியில் 'மென்தமிழ்' என்ற சொற்செயலி உருவானது. நீச்சல்காரன் என்ற பெயரில் அறியப்படும் கணித்தமிழ் ஆர்வலர், சந்திப் பிழைகளுக்கு 'நாவி', எழுத்துப் பிழைகளுக்கு 'வாணி' என்னும் திருத்திகளை இணையத்தில் வழங்கினார். எமது நாட்டின் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் ஜேர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகமும் தொடர்புபட்ட ஆய்வில் 'தமிழிமோர்ப்' என்ற சொற்பகுப்பி உருவாகி, 2021 இல் அதுபற்றிய கட்டுரை வெளிவந்தது. இலக்கணத் திருத்திக்கு இத்தகைய பகுப்பி அத்திவாரம் போன்றது. ஏனெனில் தமிழில் ஒரு சொல்லே சிலவேளை ஒரு வாக்கியம். 'செய்துகொண்டிருக்கிறார்களாம்' என்பதனை எந்த அகராதியிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதனை உடைத்துப் பார்க்கவேண்டும். சொல்லொன்றில் எத்தனை அசை என்று எண்ணி நடை கடினமா எளிதா என்று சொல்லும் ஆங்கிலச் சூத்திரங்களும் இங்கே பயன்படா. ஒன்பது அசை கொண்ட மேற்படி சொல் எந்தச் சிறுபிள்ளைக்கும் விளங்கும்.

சந்தியை எடுத்துக்கொள்வோம். 'அந்த' என்பதன் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: அந்தப் பையன். 'வந்த' என்பதன் பின் மிகாது: வந்த பையன். இரண்டும் 'ந்த' என்றே முடிகின்றன. ஒன்று சுட்டு, மற்றது பெயரெச்சம் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தால் அது கற்றுக்கொள்ளும். ஆனால் 'வேலை கேட்டான்' என்றால் தொழில் கேட்டான். 'வேலைக் கேட்டான்' என்றால் கையிலிருக்கும் வேலாயுதத்தைக் கேட்டான். இரண்டும் சரி. எழுதியவரின் மனத்தை அறிந்தால் மட்டுமே பிழை சொல்லமுடியும். இத்தகைய இடங்களில் திருத்தி கேள்வி கேட்கலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது.

எமது சொற்கள் எங்கே நிற்கின்றன?

இனித்தான் சிக்கலான இடம். சொல்லின் நடுவில் உயிரெழுத்துத் தனித்து வராது, அளபெடை மட்டும் விலக்கு என்பது தமிழ் இலக்கணம். அந்த விதியைத் திருத்தியொன்றில் எழுதிவிட்டால் துஆ, ஜும்ஆ, மஸ்அலா ஆகிய மூன்றும் பிழை. ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வரா என்பது இன்னொரு விதி. அதன்படி ரசூலும் லுஹரும் பிழை. எம் முன்னோர் சிலர் 'இறசூல்' என்று இகரம் சேர்த்து எழுதியது இந்த விதியை மதித்துத்தான். இன்று அவ்வாறு எழுதுவோர் அரிது. நோன்பு மாதத்தை நாம் ரமழான் என்கிறோம். அரபியின் 'ளாத்' எழுத்துக்கு ழகரத்தைப் பாவிப்பது எமது வழக்கம். தமிழகத்தில் ரமலான் என்று பரவலாக எழுதுவர். சென்னையில் தொகுக்கப்பட்ட சொற்பட்டியலில் ஒன்று மட்டுமே இருக்குமாயின் மற்றதன் கீழே சிவப்புக் கோடு விழும்.

சந்தியிலும் இதே நிலைதான். 'நோன்புப் பெருநாள்' எந்த விதிக்கும் அடங்கும். 'ஹஜ்' என்று ஜகர ஒற்றில் முடியும் சொல்லுக்கு நன்னூலில் விதி கிடையாது. எம்மவர்கள் 'ஹஜ்ஜுப் பெருநாள்' என்று உகரம் சேர்த்துத் தமிழின் ஓசைக்கு அதனைக் கொண்டுவந்தார்கள். 'ஹஜ் பெருநாள்' என்று எழுதுவோரும் உளர். 'ஜும்ஆத் தொழுகை', 'ஜும்ஆ தொழுகை' இரண்டும் எமது சஞ்சிகைகளில் அருகருகே கிடக்கின்றன. ஏன், 1885 இல் வெளிவந்த சித்திலெப்பையின் நாவலையே அசன்பே என்றும் அஸன்பே என்றும் இருவிதமாகக் குறிப்பிடுகிறோம். உம்மா, வாப்பா, ராத்தா, சாச்சி, மௌத்து, ஜனாஸா என்று கதைகளில் உயிரோடு நடமாடும் சொற்கள் பொதுப் பட்டியலில் எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அரபுத் தமிழ் எழுத்தை உருவாக்கியவர்கள் இத்தகைய சிக்கலை முன்னரே சந்தித்தவர்கள். தமிழின் ஓசைகளுக்கு அரபெழுத்தில் இடமில்லை என்று கண்டபோது எழுத்துக்குப் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்து இடம் பண்ணினார்கள். வேறொருவர் வந்து செய்து தருவார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

2022 இன் இறுதியிலிருந்து பேச்சு வேறு திசைக்குப் போயிருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் கோடிடுவதோடு நில்லாமல் பந்தியையே மாற்றி எழுதித் தருகின்றன. அவற்றின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே நெடுந்தூரம் இருந்தாலும் பொருத்தம் பார்க்கின்றன. ஆனால் 'டிக்ஷன்' நிரலின் 450 தொடர்களையும் ஒருவர் வாசித்துப் பார்த்து, இதனை ஏற்கிறேன், அதனை ஏற்கமாட்டேன் என்று சொல்லக்கூடியதாக இருந்தது. லாங்குவேஜ்டூலின் விதியையும் அவ்வாறே திறந்து பார்க்கலாம். மொழி மாதிரியிடம் அப்படியொரு பட்டியல் இல்லை. தான் அதிகம் கண்ட நடையை நோக்கி அது எமது நடையை இழுக்கும். அக்கரைப்பற்றிலோ பேருவளையிலோ நடக்கும் கதையில் 'மௌத்தாகிப் போனார்' என்று எழுதியிருந்ததை 'காலமானார்' என்று அது திருத்தித் தரக்கூடும். பிழை என்று சொல்லாமலே ஒரு சொல் காணாமற்போகும் இடம் அது. கோடு விழுந்தால் சண்டை பிடிக்கலாம். கோடே இல்லாமல் மாறிவிட்டால் கவனிப்பவர் யார்?

செய்யக்கூடியவை

பெல் ஆய்வுகூடத்தின் வழி இன்றும் எமக்கு எட்டக்கூடியது. முதலாவது, தொடர்ப் பட்டியல். எமது செய்தி நடையிலும் கட்டுரை நடையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன', 'என்பது இங்கு குறிப்பிடத்தக்கது' போன்றவற்றை எடுத்தெழுதி, எதிரே எளிய தொடரை வைத்தால் அதுவே தமிழின் 'டிக்ஷன்'. இரண்டாவது, சொற்பட்டியல். அரபு வழிச் சொற்களுக்கும் வட்டார வழக்குகளுக்கும் நாம் ஏற்கும் எழுத்து வடிவம் எது, ஏற்கக்கூடிய மாற்று வடிவம் எது என்று எழுதவேண்டும். ஒன்றை மட்டும் சரியென்று நிறுவி மற்றதை ஒதுக்குவது இதன் நோக்கமாக இருக்கக்கூடாது. ஒரே கட்டுரைக்குள் இரண்டும் கலந்து வருவதைச் சுட்டிக்காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். மூன்றாவது, சந்தி விதி. ஹஜ், ஜும்ஆ, துஆ, ஸக்காத் முதலான சொற்களின் பின் வல்லினம் வந்தால் நாம் என்ன செய்கிறோம் என்பதைச் சஞ்சிகைகளைப் புரட்டித் தொகுக்கவேண்டும். இலக்கணம் வழக்கிலிருந்து எடுக்கப்படுவது. எமது வழக்கை இதுவரை நாமே எழுதிவைக்கவில்லை.

இவை மூன்றுக்கும் கணனி அறிவு தேவையில்லை. மொழி அறிவும் பொறுமையும் வேண்டும். தொகுத்ததை லாங்குவேஜ்டூல் போன்ற திறந்த திருத்தியொன்றில் சேர்க்கப் பல்கலைக்கழகங்களில் பயிலும் எமது இளைஞர்கள் இருக்கிறார்கள். பட்டியல் கையில் இல்லாமல் அவர்களிடம் போய்ப் பயனில்லை. சஞ்சிகை நடத்துவோரும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களும், நூல் வெளியிட்டுக் கைசுட்ட எழுத்தாளர்களும் சேர்ந்து அமர்ந்தால் ஐந்நூறு சொற்களுடன் தொடங்கலாம். லொரிண்டா செரியின் அகராதி அதைவிடச் சிறியது.